மறதி நோய் வந்த வீட்டில் எதை முதலில் செய்வது?

என் அப்பாவின் மறதிக்கு என்ன நோய் என்று ஒரு மருத்துவர் எழுதித் தருவதற்குள் ஒன்றே முக்கால் ஆண்டு ஓடிவிட்டது. அதற்குள் அவருடைய கையெழுத்து கோணிப்போய்விட்டது, வங்கியில் அதை ஏற்க மறுத்துவிட்டார்கள், கொள்முதல் நிலையத்தில் போட்ட சம்பா நெல்லின் பணம் அவர் கணக்கிலேயே முடங்கிக் கிடந்தது. நாங்கள் ஓடியாடிச் செய்த வேலைகளில் பெரும்பாலானவை செய்ய வேண்டியவைதான். செய்த வரிசைதான் தவறாகப் போனது. வலங்கைமான், குடவாசல், பாபநாசம், மன்னார்குடி என்று இந்தப் பக்கத்து ஊர்களில் இருந்துகொண்டு, பெற்றோரின் மறதியைக் கண்டு இப்போதுதான் கலங்கத் தொடங்கியிருப்பவர்களுக்காக, எந்த வேலையை எதற்கு முன்னால் முடிக்க வேண்டும் என்பதை எழுதுகிறேன்.

ஒரு சொல்லை மட்டும் முதலில் தெளிவுபடுத்திக்கொள்வோம். மறதி நோய் என்று நாம் சொல்லும் டிமென்ஷியா என்பது ஒரே நோயின் பெயர் அன்று. நினைவு, பேச்சு, கணக்கு, வழி அறிதல் ஆகியவை அன்றாட வாழ்க்கையைக் குலைக்கும் அளவுக்குத் தேய்ந்துபோகும் நிலைக்கு அது பொதுப்பெயர். அந்த நிலைக்குக் கொண்டுபோகும் நோய்களில் அல்சைமர் முதலிடத்தில் இருக்கிறது. மூளையின் இரத்தக்குழாய் அடைப்பால் வருவது அடுத்தது. வயதானவர்களில் இரண்டும் கலந்தே இருப்பதும் உண்டு. வயது ஏற ஏற வாய்ப்பு கூடுகிறது என்பது உண்மையே தவிர, வயதானால் எல்லோருக்கும் வருவது அன்று. 2023-இல் வெளியான ஆய்வு ஒன்று, நம் நாட்டில் 60 வயதைக் கடந்தவர்களில் 100-க்கு 7 பேருக்குச் சற்று மேலாக, ஏறத்தாழ 88 லட்சம் பேருக்கு, இந்நிலை இருக்கலாம் என்று மதிப்பிட்டிருக்கிறது. ஆகவே இது உங்கள் வீட்டுக்கு மட்டும் வந்த அவமானம் என்று கதவைச் சாத்திக்கொள்ள வேண்டியதில்லை.

1. மருத்துவரிடம் போவதற்கு முன் இரண்டு வாரம் குறிப்பெழுதுங்கள்

முதல் முறை போனபோது நாங்கள் வெறுங்கையோடு போனோம். மருத்துவரின் அறைக்குள் நுழைந்ததும் அப்பா சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டு, "எனக்கு ஒண்ணும் இல்லைங்க, பொண்ணுதான் பயப்படுது" என்று சிரித்தார். அந்த ஆண்டுக் குறுவை விளைச்சலைப் பற்றி இரண்டு நிமிடம் கோவையாகப் பேசவும் செய்தார். மருத்துவர் "வயசாச்சுல்ல, அப்படித்தான் இருக்கும்" என்று சொல்லிச் சத்து மாத்திரை எழுதிக் கொடுத்து அனுப்பிவிட்டார். அந்த ஒரு வாக்கியத்தை நம்பி எட்டு மாதத்தைத் தொலைத்தோம். தொடக்க நிலையில் இருப்பவர்கள் வெளியாள் முன்னால் தங்களைத் திரட்டிக்கொண்டு பேசிவிடுவார்கள் என்பது எங்களுக்கு அப்போது தெரியாது.

அதனால் நாளும் நேரமும் போட்டு, நடந்ததை மட்டும் எழுதுங்கள். "மிகவும் மறக்கிறார்" என்று எழுதுவதால் பயனில்லை. "செவ்வாய்க்கிழமை உழவுக்காரருக்குப் பணம் கொடுத்தார், வியாழக்கிழமை அதே உழவுக்கு மறுபடியும் கொடுத்தார்" என்பதுதான் மருத்துவருக்கு உதவும். கல்யாணத்துக்குப் போன இடத்தில் ஒருவர் பெயர் வாயில் வராமல் போவது எல்லோருக்கும் நடப்பது. போன வாரம் கல்யாணத்துக்குப் போனதே நினைவில் இல்லாமல் போவது வேறு. பழகிய வழியில் தடுமாறுவது, சில்லறை எண்ணத் தெரியாமல் நிற்பது, ஒரே கேள்வியைப் பத்து நிமிடத்தில் நான்கு முறை கேட்பது, பொருளின் பெயர் வராமல் "அது, அது" என்பது, யாரோ திருடிவிட்டார்கள் என்று சந்தேகப்படுவது, இரவில் எழுந்து நடமாடுவது ஆகிய அனைத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். எப்போது தொடங்கியது, மெல்ல மெல்லக் கூடியதா, படி இறங்குவது போல் அவ்வப்போது சடக்கென்று இறங்கியதா என்பதும் வேண்டும்.

அப்பா நாற்பது ஆண்டுகளாகக் கணக்கு நோட்டு எழுதுகிறவர். இரண்டாம் முறை போனபோது அதையும் எடுத்துப் போனேன். அதில் ஒரு பக்கத்தில், அதே நீல மையில், அதே அழகான கையெழுத்தில், "யூரியா 2 மூட்டை" என்று ஒன்றன்கீழ் ஒன்றாக நான்கு முறை எழுதியிருந்தார். நரம்பியல் மருத்துவர் ஸ்கேன் படத்தைவிட அந்தப் பக்கத்தைத்தான் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஓர் எச்சரிக்கை: ஓரிரு நாளில் திடீரென்று ஒருவர் ஆள் அடையாளம் தெரியாமல் உளறத் தொடங்கினால் குறிப்பெழுதிக்கொண்டிருக்கக் கூடாது. சிறுநீர்த் தொற்று, இரத்தத்தில் சோடியம் குறைவு, கோடை வெயிலில் நீர் வற்றுதல், பக்கவாதம் ஆகியவை அப்படித் தொடங்கும். அன்றைக்கே 108-ஐ அழைக்க வேண்டும்.

2. எங்கே போவது, எதை எடுத்துப் போவது

நரம்பியல் மருத்துவரும் மனநல மருத்துவரும் இருவருமே இந்நோயைக் கண்டறியலாம். மனநலப் பிரிவு என்றதும் வீட்டில் சித்தப்பா, மாமா எல்லோரும் முகம் சுளிப்பார்கள், பொருட்படுத்தாதீர்கள். தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் இரண்டு பிரிவுகளும் உண்டு. திருவாரூரிலும் நாகப்பட்டினத்திலும் அரசு மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. நரம்பியல் புறநோயாளிப் பிரிவு எந்தக் கிழமை என்று முன்னதாகக் கேட்டுக்கொண்டு கிளம்புங்கள்; தவறான கிழமையில் போய் ஒரு நாளையும் அப்பாவின் பொறுமையையும் இழந்தவள் நான். காலை ஏழரைக்குள் சீட்டு வரிசையில் ஒருவர் நிற்கட்டும், நோயாளியை இன்னொருவர் ஒன்பது மணிக்கு அழைத்து வரட்டும். காத்திருக்கும் நேரம் நீண்டால் அவர்கள் கலவரப்படுவார்கள், பரிசோதனையில் இயல்பைவிட மோசமாகச் செய்வார்கள்.

எங்கே தொடங்குவது என்றே தெரியாதவர்கள் 14416 என்ற எண்ணை அழைக்கலாம். அது டெலிமானஸ் என்னும் அரசு மனநல உதவி எண். கட்டணம் இல்லை, இரவும் பகலும் தமிழிலேயே பேசலாம்.

எடுத்துப் போக வேண்டியவை: ஆதார் அட்டை, குடும்ப அட்டை, முதலமைச்சர் காப்பீட்டு அட்டை, பழைய மருந்துச் சீட்டுகள், நீங்கள் எழுதிய குறிப்பேடு. இவற்றோடு, அவர் விழுங்கும் அத்தனை மாத்திரை அட்டைகளையும், லேகியம் சூரணம் உட்பட, ஒரு மஞ்சப்பையில் அள்ளிப் போட்டுக்கொள்ளுங்கள். சளிக்கு வாங்கும் சாதாரண மாத்திரைகள் சிலவும், தூக்க மாத்திரைகளும், சிறுநீர் அடங்குவதற்குத் தரும் சில மருந்துகளும் வயதானவர்களின் நினைவை மங்க வைக்கும். மருந்துக்கடையில் கேட்டு வாங்கிய சளி மாத்திரையை அப்பா இரவில் தூக்கம் வருகிறது என்பதற்காகவே ஓராண்டாகப் போட்டுக்கொண்டிருந்தார் என்பது அந்தப் பையைக் கொட்டியபோதுதான் எங்களுக்கே தெரிந்தது.

மூக்குக்கண்ணாடியையும் காதுக் கருவியையும் மறந்துவிடாதீர்கள். 30 மதிப்பெண்ணுக்கு ஒரு கேள்வித்தாள் வைப்பார்கள்: இன்று என்ன கிழமை, 100-இலிருந்து ஏழு ஏழாகக் கழித்துச் சொல்லுங்கள், இந்தப் படத்தைப் பார்த்து வரையுங்கள் என்று போகும். கேள்வி காதில் விழாதவருக்கும் படம் கண்ணில் படாதவருக்கும் மதிப்பெண் குறையத்தான் செய்யும். படிப்பும் அப்படித்தான், அவர் எத்தனையாவது வரை படித்தார் என்பதை நீங்களாகவே சொல்லிவிடுங்கள்.

3. சரிசெய்யக்கூடிய காரணங்களை முதலில் விலக்குங்கள்

இந்தப் படியைத் தாண்டிக் குதிப்பதுதான் பலரும் செய்யும் தவறு. மறதி போலவே தோன்றி, மருந்தால் குணமாகவோ குறையவோ கூடியவை சில உண்டு: தைராய்டு சுரப்புக் குறைவு, வைட்டமின் பி12 குறைபாடு, சோடியம் குறைவு, மனச்சோர்வு, மூளைக்குள் நீர் தேங்குதல், கீழே விழுந்து பல வாரங்கள் கழித்து மண்டைக்குள் மெல்லக் கசிந்து கட்டும் இரத்தம். வாய்க்கால் கரையில் வண்டியோடு சரிந்து விழுந்ததை "ஒண்ணும் ஆகலை" என்று மறைத்துவிடும் பெரியவர்கள் நம் ஊரில் நிறைய. மறதியோடு நடை காந்தம் பிடித்தது போல் தரையை ஒட்டி இழுத்தாலோ, சிறுநீர் அடக்க முடியாமல் போனாலோ அதையும் கட்டாயம் சொல்லுங்கள். மூளையில் நீர் தேங்குவதன் அடையாளமாக அது இருக்கலாம், அறுவைச் சிகிச்சையால் பலன் கிடைக்கவும் வாய்ப்பு உண்டு.

பி12 பற்றிக் கொஞ்சம் கூடுதலாகச் சொல்ல வேண்டும். மீன், முட்டை, இறைச்சி தொடாதவர்களுக்கும், சர்க்கரைக்காக மெட்ஃபார்மின் மாத்திரையை ஆண்டுக்கணக்கில் போடுகிறவர்களுக்கும் அது குறைய வாய்ப்பு அதிகம். அப்பா பன்னிரண்டு ஆண்டுகளாக மெட்ஃபார்மின் சாப்பிடுகிறவர், அவருக்கும் குறைந்திருந்தது. ஊசி போட்ட பிறகு முகத்தில் தெளிவு வந்தது, கால் மதமதப்பு குறைந்தது. மறதி போகவில்லை. இரண்டும் சேர்ந்தே இருக்கலாம் என்பதைப் புரிந்துகொள்ள எங்களுக்கு மூன்று மாதம் ஆயிற்று.

செலவைச் சொல்கிறேன். அரசு மருத்துவமனையில் இரத்தப் பரிசோதனைகளுக்குக் காசு கொடுக்கவில்லை; சி.டி. ஸ்கேனுக்கு 500 ரூபாயும் பின்னர் எம்.ஆர்.ஐ.க்கு 2,500 ரூபாயும் கட்டினோம். வெளியில் அதே எம்.ஆர்.ஐ.க்கு 6,500 ரூபாய் கேட்டார்கள். பி12, தைராய்டு இரண்டையும் அவசரத்துக்குத் தனியாரிடம் எடுத்தபோது 1,200 ரூபாய்க்குச் சற்று அதிகமானது. ஸ்கேனுக்குத் தேதி கிடைக்க எங்களுக்குப் பதினெட்டு நாள் ஆனது. ஸ்கேன் குழாய்க்குள் அரை மணி நேரம் அசையாமல் சத்தத்தில் படுத்திருக்க வேண்டும் என்பதால், அவர் தெளிவாக இருக்கும் காலை நேரத்தைக் கேட்டு வாங்குங்கள்.

4. மாத்திரை என்ன செய்யும், என்ன செய்யாது

அல்சைமர் என்று முடிவானால் பெரும்பாலும் டோனெபெசில் 5 மி.கி. தொடங்கி, நான்கு முதல் ஆறு வாரம் கழித்து 10 மி.கி.க்கு உயர்த்துவார்கள். நோய் நடுத்தர நிலையை எட்டும்போது மெமான்டின் சேரலாம். இவை நோயைக் குணமாக்குவதில்லை; சிலருக்குச் சில காலம் தெளிவைத் தாங்கிப் பிடிக்கும், சிலருக்கு அதுவும் இல்லை. டோனெபெசில் இதயத்துடிப்பைக் குறைக்கக்கூடியது என்பதால் தொடங்கும் முன் ஈ.சி.ஜி. எடுக்கச் சொல்லிக் கேளுங்கள். மயக்கம், வாந்தி, வயிற்றுப்போக்கு, சாப்பாட்டில் வெறுப்பு வந்தால் அடுத்த தேதி வரை காத்திருக்காதீர்கள். எங்கள் ஊர் மருந்துக்கடையில் மாதம் 420 ரூபாய்க்கு வாங்கியதை, மருத்துவரிடம் மருந்தின் மூலப்பெயரை எழுதி வாங்கிக்கொண்டு மக்கள் மருந்தகத்தில் அதில் பாதிக்கும் குறைவாக வாங்குகிறோம்.

இந்தக் கட்டத்தில்தான் உறவினர்களின் யோசனைகள் வரிசையாக வரும். குணசீலத்துக்கு அழைத்துப் போகச் சொல்வார்கள், புதன் தலமான திருவெண்காட்டில் அர்ச்சனை செய்யச் சொல்வார்கள், வல்லாரை லேகியம் வாங்கித் தருவார்கள். கோயிலுக்கு நானும் அழைத்துப் போனேன். பிரகாரம் சுற்றியதில் அப்பாவுக்கு மகிழ்ச்சி. வல்லாரையைத் துவையலாக அரைத்துப் போடுவதில் குற்றமில்லை. ஆனால் மறதி நோயைக் குணமாக்கும் என்று சொல்லி ஆயிரக்கணக்கில் பணம் வாங்குகிற எவரிடமும் போகாதீர்கள். அந்தப் பணம் ஏழாவது படிக்கு வேண்டியிருக்கும்.

5. கையெழுத்து செல்லுபடியாகும் காலத்திலேயே தாள்களை முடியுங்கள்

நோயின் பெயர் தெரிந்த அன்றே இந்த வேலையைத் தொடங்குங்கள். நாங்கள் இதைக் கடைசிக்குத் தள்ளினோம். அவ்வளவுக்கும் காரணம், அப்பாவிடம் சொத்து, உயில் என்று பேச வாய் வராததுதான்.

முதல் பொறி, தன் சார்பில் செயல்பட இன்னொருவருக்கு அதிகாரம் கொடுக்கும் பவர் பத்திரம். "ஒரு பவர் எழுதி வாங்கிடுங்க, எல்லாம் சரியாயிடும்" என்று பத்திரம் எழுதுகிற இடத்திலேயே சொல்வார்கள். இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872-இன் 201-ஆம் பிரிவின்படி, அதிகாரம் கொடுத்தவர் சித்த சுவாதீனத்தை இழந்தால் அந்த அதிகாரமும் முடிந்துபோகிறது. அதாவது எந்த நாளுக்காக நீங்கள் பவர் வாங்கி வைக்கிறீர்களோ, சரியாக அந்த நாளில் அது செல்லாததாகிவிடும். இன்றைய ஓட்டத்துக்குப் பவர் உதவலாம்; நாளைக்கு உதவாது.

இரண்டாவது வங்கி. அவர் தெளிவாக இருக்கும்போதே கணக்கை, இருவரில் எவரும் இயக்கலாம், ஒருவர் காலமானால் மற்றவர் தொடரலாம் என்ற வகையில் கூட்டுக்கணக்காக மாற்றுங்கள். வைப்புத்தொகை, கூட்டுறவுச் சங்கத்தில் இருக்கும் நகைக்கடன், அஞ்சலகச் சேமிப்பு, லாக்கர் எதையும் விட்டுவிடாதீர்கள்; நியமனதாரர் பெயர் இருக்கிறதா என்று ஒவ்வொன்றையும் பாருங்கள். விவசாயக் குடும்பங்களுக்கு இதில் தனிச் சிக்கல் ஒன்று உண்டு. கொள்முதல் நிலையத்தில் நெல் போடுவதற்குச் சிட்டா அடங்கல் யார் பெயரில் இருக்கிறதோ அவர் விவரமும் வங்கிக் கணக்கும் கொடுக்கிறோம். பணம் அந்தக் கணக்கில் போய் விழும். நாங்கள் அறுத்து, தூற்றி, ஈரப்பதத்துக்காக மூன்று நாள் காத்துக் கிடந்து போட்ட நெல்லின் பணம் அப்பாவின் தனிக்கணக்கில் விழுந்தது. ஏ.டி.எம். ரகசிய எண் அவருக்கு நினைவில்லை. காசோலையில் போட்ட கையெழுத்து ஒத்துப்போகவில்லை. நேரில் அழைத்துப் போனோம்; கவுன்ட்டரில் இருந்தவர் "எவ்வளவு எடுக்கணும்?" என்று கேட்டதற்கு அப்பா என்னைப் பார்த்தார். அதோடு முடிந்தது. கையெழுத்துப் போட முடியாத, ஆனால் விவரம் தெரிந்த முதியவருக்கு, சாட்சிகள் முன்னிலையில் விரல்ரேகை வைத்துப் பணம் எடுக்க வழியிருக்கிறது; 70 வயதைத் தாண்டியவர்களுக்கு வீட்டுக்கே வந்து சேவை தரும் ஏற்பாட்டையும் ரிசர்வ் வங்கி வங்கிகளுக்கு வலியுறுத்தியிருக்கிறது. ஆனால் அந்த வழிகளெல்லாம் "எவ்வளவு வேண்டும்" என்ற கேள்விக்குப் பதில் சொல்லக்கூடியவருக்குத்தான்.

கூட்டுக்கணக்கில் பெயர் சேர்க்கும்போது உடன்பிறந்தவர்கள் எல்லோருக்கும் தெரிவித்துவிடுங்கள். திருப்பூரில் இருக்கும் என் தம்பியிடம் நான் சொல்லாமல் செய்ய நினைத்தேன்; நல்லவேளையாக அம்மா தடுத்தார். இப்போது ஒரு நாற்பது பக்க நோட்டில் வரவு செலவு எழுதி, மாதம் ஒருமுறை படம் எடுத்து அவனுக்கு அனுப்பிவிடுகிறேன்.

மூன்றாவது உயில். மறதி நோய் என்று பெயர் வந்துவிட்டாலே உயில் எழுதும் உரிமை போய்விடாது. எழுதும் நேரத்தில் தன் சொத்து எது, வாரிசுகள் யார், யாருக்கு எதைத் தருகிறோம் என்பது அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். முத்திரைத்தாள் தேவையில்லை. இரண்டு சாட்சிகள் கட்டாயம். பதிவு கட்டாயமில்லை என்றாலும் பதிவு செய்துவிடுங்கள். அன்றைய தேதியிட்டு, அவர் புரிந்துகொள்ளும் நிலையில் இருக்கிறார் என்று சிகிச்சை தரும் மருத்துவரிடம் சான்று வாங்கி இணைத்தால், பின்னாளில் வழக்கு என்று வரும்போது அதுதான் காப்பாற்றும். உயிலுக்குப் பதிலாக, சொத்தை இப்போதே மாற்றித் தரும் செட்டில்மென்ட் பத்திரம் எழுதிக் கொடுத்துவிடலாம் என்று யாராவது அவசரப்படுத்தினால் நிதானியுங்கள். 2007-ஆம் ஆண்டின் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின் 23-ஆம் பிரிவு, பராமரிப்பேன் என்ற நிபந்தனையோடு சொத்தை வாங்கிக்கொண்டு கைவிடுகிறவரிடமிருந்து அதை ரத்து செய்ய வழி தருகிறது; அந்த நிபந்தனையைப் பத்திரத்திலேயே எழுதச் சொல்லுங்கள்.

நான்காவது, பலருக்கும் தெரியாதது: 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டப்படி, மனநலச் சிகிச்சை விஷயத்தில் தன் சார்பில் பேச ஒருவரை அவர் வெள்ளைத்தாளில் எழுதிக் கையெழுத்திட்டோ ரேகை வைத்தோ நியமிக்கலாம். செலவே இல்லாத வேலை. ஆனால் அது சிகிச்சைக்கு மட்டும். நிலத்துக்கும் பணத்துக்கும் செல்லாது.

இவை எதையும் செய்யாமல் காலம் கடந்துவிட்டால் நீதிமன்றம் வழியாகத்தான் பாதுகாவலராக நியமனம் பெற வேண்டும். பலரும் உயர் நீதிமன்றத்தில் ரிட் மனுப் போடுகிறார்கள். தஞ்சாவூர் மாவட்டத்துக்காரர்களுக்கு அது மதுரைக் கிளை. வழக்குரைஞர் கட்டணம், மருத்துவக் குழுவின் அறிக்கை, வாரிசுகள் அனைவரின் சம்மதம் என்று மாதக்கணக்கில் இழுக்கும். எங்கள் நெல் பணம் இன்னும் அந்த வழியில்தான் காத்திருக்கிறது.

சிறியவை சில: ஓய்வூதியம் வாங்குகிறவராக இருந்தால் வாழ்நாள் சான்றுக்குத் தபால்காரரை வீட்டுக்கே அழைக்கலாம், கட்டணம் 70 ரூபாய். வருமான வரி கட்டுகிற பிள்ளைகள், பழைய வரிமுறையில் (1961-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தில் இது 80டிடிபி பிரிவு) மூத்த குடிமக்களின் டிமென்ஷியா சிகிச்சைச் செலவுக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை கழிவு கேட்கலாம் என்பதைப் பற்றித் தணிக்கையாளரிடம் பேசுங்கள். இயலாமை 40 விழுக்காடோ அதற்கு மேலோ என்ற சான்றும் நரம்பியல் நிபுணரின் சீட்டும் வேண்டும். செல்பேசியில் பணம் அனுப்பும் செயலியை நீக்கிவிடுங்கள். மோசடியில் பணம் போனால் உடனே 1930 என்ற எண்ணை அழையுங்கள்.

6. வீட்டைச் சுற்றித் தண்ணீர் இருக்கிறது என்பதை மறக்காதீர்கள்

நகரத்து வழிகாட்டிகளில் மாடிப்படி, லிப்ட் என்று எழுதியிருப்பார்கள். நம் ஊரில் ஆபத்து வாய்க்காலும் குளமும்தான். ஜூன் 12 மேட்டூர் திறந்து கடைமடைக்குத் தண்ணீர் வரும் நாளிலிருந்து கொல்லைப்புறம் முழுவதும் ஓடும் நீர். வாழ்நாளெல்லாம் நடுராத்திரியில் மடை பார்த்தவரின் கால் அந்தப் பக்கம்தான் போகும். அப்பாவோ, அணை மூடி ஒரு மாதம் ஆன மாசிப் பனியில், இரவு இரண்டு மணிக்கு மண்வெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு காய்ந்த வாய்க்காலில் நின்றார். "முறை மாத்திட்டானுங்க, தண்ணியே வரல" என்றார். பாதம் முழுக்க நெருஞ்சி முள்.

அன்றிலிருந்து செய்தவை: கொல்லைக் கதவின் தாழ்ப்பாளைத் தலைக்கு மேல் உயரத்தில் மாற்றினோம். கதவில் பழைய மாட்டுச் சலங்கையைக் கட்டினோம். நூறு ரூபாய் மின்மணியைவிட அது நன்றாக எழுப்புகிறது. சட்டைப்பையில் பெயரும் என் செல்பேசி எண்ணும் எழுதிய அட்டை எப்போதும் இருக்கும். டீக்கடைக்காரர், பேருந்து நடத்துநர், கோயில் குருக்கள் மூவரிடமும் அவர் நிலையைச் சொல்லிவைத்தோம்; சொல்லக் கூச்சமாகத்தான் இருந்தது, ஆனால் இரண்டு முறை அவரைத் திருப்பி அனுப்பியவர் அந்த நடத்துநர்தான். காணாமல் போனால் இருபத்துநான்கு மணி நேரம் காத்திருக்க வேண்டும் என்பது கட்டுக்கதை; உடனே 112-ஐ அழையுங்கள், குளத்தையும் வாய்க்காலையும் முதலில் தேடுங்கள். பூச்சிமருந்துப் புட்டிகளைப் பூட்டி வையுங்கள். கஷாயப் புட்டிக்கும் அதற்கும் வித்தியாசம் தெரியாத நாள் வரும். இரவில் கேஸ் சிலிண்டரை மூடுங்கள். டிவிஎஸ் 50-ஐப் பிடுங்க முயன்றால் சண்டை வரும். "வண்டி மெக்கானிக்கிட்ட இருக்கு" என்று நான் நான்கு மாதமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

வாதம் செய்யாதீர்கள் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். "அணை மூடியாச்சுப்பா" என்று விளக்கும்போதெல்லாம் அவர் கோபம் கூடியது. "நம்ம முறை நாளைக்குத்தான், மடையை அடைச்சுட்டேன், படுங்கப்பா" என்றால் படுத்துவிடுகிறார். அப்பாவிடம் பொய் சொல்கிறோமே என்று சில வாரம் எனக்குத் தூக்கம் வரவில்லை, இப்போது வருகிறது. மாலை மங்கும் நேரத்தில் தவிப்பு கூடும் என்பதால் ஐந்தரைக்கே எல்லா விளக்குகளையும் போட்டுவிடுகிறோம்.

7. பார்த்துக்கொள்ள ஆள்

பகல் நேரத்துக்கு மட்டும் உள்ளூர்ப் பெண்மணி ஒருவருக்கு மாதம் 9,000 ரூபாய் தருகிறோம். தங்கிப் பார்க்கும் ஆளுக்கு முகவர்கள் 20,000 ரூபாய்க்குக் குறையாமல் கேட்டார்கள், ஒரு மாத முன்பணம் தனி. பெரியவர்களுக்கான டயப்பர் ஒன்று 40 ரூபாய் சுமார், ஒரு நாளைக்கு இரண்டு. நடவும் அறுவடையும் நடக்கும் மாதங்களில் ஆள் கிடைக்காது. அந்த மாதங்களுக்கு உடன்பிறந்தவர்களிடம் இப்போதே தேதி வாங்கிவிடுங்கள். முதியோர் உதவிக்கென 14567 என்ற அரசு எண் இருக்கிறது. கேரளத்தில் 1992-இல் தொடங்கிய ஏ.ஆர்.டி.எஸ்.ஐ. என்னும் அல்சைமர் சங்கமும், சென்னையில் ஸ்கார்ஃப் அமைப்பும் பராமரிப்பவர்களுக்கு வழிகாட்டுகின்றன.

அம்மாவைக் கவனியுங்கள். எங்கள் வீட்டில் முதலில் படுத்தது அப்பா இல்லை, அம்மாதான்.

8. உங்கள் மூளையை இன்றிலிருந்து பாருங்கள்

அப்பாவுக்கு இருப்பதால் உங்களுக்கும் வந்தே தீரும் என்பதில்லை. 2024-இல் லான்செட் இதழின் நிபுணர் குழு, நம்மால் மாற்றக்கூடிய 14 காரணிகளைச் சரிசெய்தால் உலகில் டிமென்ஷியாவில் ஏறத்தாழ 45 விழுக்காட்டைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ முடியலாம் என்று மதிப்பிட்டது. இரத்த அழுத்தம், சர்க்கரை, கெட்ட கொழுப்பு, உடல்பருமன், புகை, மது, உடல் உழைப்பின்மை, மனச்சோர்வு, தனிமை, காது மந்தம், பார்வைக் குறைவு, தலைக்காயம், காற்று மாசு, சிறு வயதில் கல்வி இல்லாமை ஆகியவை அவை. நாற்பது, ஐம்பது வயதில் இருப்பவர்களுக்குத்தான் இதில் வேலை அதிகம்.

இவற்றில் நம்மவர்கள் துச்சமாக நினைப்பது காது. "செவிட்டு மிஷின் மாட்டிக்கிட்டா ஊர் சிரிக்கும்" என்று அப்பா பத்து ஆண்டு மறுத்தார். காது கேட்காததால் திண்ணைப் பேச்சை விட்டார், டீக்கடையை விட்டார், பிறகு வாய்ப்பேச்சே குறைந்தது. காதையும் கண்புரையையும் தள்ளிப்போடாதீர்கள். வண்டியில் போகும்போது தலைக்கவசம் போடுங்கள், பக்கத்துத் தெருவுக்கானாலும். வெற்றிலை நம் மண்ணின் பெருமையாகவே இருக்கட்டும், புகையிலையை மட்டும் அதிலிருந்து எடுத்துவிடுங்கள். உப்பு ஒரு நாளைக்கு ஐந்து கிராமுக்குள், அதாவது ஒரு தேக்கரண்டிக்குள், என்று உலகச் சுகாதார நிறுவனம் சொல்கிறது. ஊறுகாய், வடகம், அப்பளம், கருவாடு நான்கும் இருக்கும் இலையில் அது எப்போதோ தாண்டிவிடுகிறது. வாரம் 150 நிமிட நடை வேண்டும். வயலுக்குப் போய் வரப்பில் நின்று பார்த்துவிட்டு வண்டியில் திரும்புவது அந்தக் கணக்கில் சேராது.

மக்களைத் தேடி மருத்துவத் திட்டத்தில் அப்பாவுக்குச் சர்க்கரை மாத்திரை கொண்டுவரும் பெண், ஒரு நாள் அப்பா கையை நீட்ட மறுத்தபோது, "அக்கா, முதல்ல நீங்க காட்டுங்க, அய்யா பார்த்துட்டுக் காட்டுவாரு" என்று இரத்த அழுத்தம் பார்க்கும் பட்டையை என் கையில் சுற்றினார். 168-க்கு 98. எனக்கு வயது 51, தலைவலி கூட வந்ததில்லை. அப்பா அதைப் பார்த்துவிட்டுத் தன் கையை நீட்டினார். அவருக்கு 130-க்கு 80 இருந்தது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் மருத்துவரைப் பார்த்த பிறகு, அடுத்த மாதத்திலிருந்து அந்தப் பெண் எங்கள் வீட்டுக்கு இரண்டு உறை கொண்டுவருகிறார்.